கழுதையைக் கொன்றவர்களும் கும்பிட்டவர்களும்

1

திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருக்கும் மேன்ஷனுக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை. கல்லாவுக்கு மேலே லட்சுமி, பிள்ளையார், அவர்களுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கழுதை. கீழே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. காலையில் கடை திறந்ததும் கடைக்காரர் மூன்று படங்களுக்கும் ஒரே ஊதுபத்தியைத்தான் சுற்றுகிறார். ஒருநாள் அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, நிஜக் கழுதை ஒண்ணு கடைக்குள்ள வந்தா என்ன செய்வீங்க?" "வெளக்குமாறு இருக்கில்ல" என்றார் அவர், சிரிக்காமல்.

ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தின் முழுக்கதையும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. படத்தில் வரும் கழுதைக்குக் கிடைப்பது முதலில் அடி, பிறகுதான் ஊதுபத்தி.

படத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாயைக் கூட்டம் ஒன்று அடித்துக் கொன்றுவிட, அநாதையான கழுதைக்குட்டி தத்துவப் பேராசிரியர் நாராயணசாமியிடம் வந்து சேர்கிறது. அவர் அதை வளர்க்கிறார். கல்லூரியில் கேலி, கண்டனம். குட்டியைத் தன் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய் ஊமைப்பெண் ஒருத்தியின் பொறுப்பில் விடுகிறார். ஊர் முகம் சுளிக்கிறது. அந்தப் பெண் கர்ப்பமாகி, குழந்தை செத்துப் பிறக்கிறது. மருத்துவச்சி பிணத்தைக் கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போக, பழி கழுதைமேல் விழுகிறது. கழுதையை அடித்துக் கொல்கிறார்கள். அதற்குப் பிறகு ஊரில் 'அற்புதங்கள்' நடக்க ஆரம்பிக்கின்றன. செத்த கழுதை தெய்வமாகிறது, அதற்குக் கோயில் கட்டுவதென்று முடிவாகிறது. முறைப்படி ஈமக்கிரியை நடக்கும்போது அந்தத் தீயே பரவி ஊர் முழுவதையும் எரித்துவிடுகிறது. பேராசிரியரும் ஊமைப்பெண்ணும் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

திரைக்கதையும் வசனமும் வெங்கட் சாமிநாதன். கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு. இசை எம்.பி. சீனிவாசன், பேராசிரியராக நடித்தவரும் அவரே. இயக்கியவர் புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணவரான ஒரு மலையாளி. 1977-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வு பெற்றது. 1989-இல் தூர்தர்ஷன் இதை ஒளிபரப்பப் போவதாக அறிவித்துவிட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்திக்கொண்டது. ஜான் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1987-இல், கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தார். ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட செய்தி மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தால், அதையும் ஒரு காட்சியாகப் படத்தில் சேர்த்திருக்கலாமே என்றுதான் நினைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

2

நான் இந்தப் படத்தை இரண்டு விதமான கூட்டங்களோடு பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை தொண்ணூறுகளில், சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். தேய்ந்த பிரிண்ட், பாதி வசனம் காதில் விழவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே படத்தைப் பற்றிப் படித்தவர்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கலைப்படம் பார்க்கும்போது சிரிப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் அப்போது எங்களுக்கு இருந்தது. முடிந்ததும் பிரெஸ்ஸோனின் 1966-ஆம் வருஷத்துக் கழுதைப் படத்தோடு ஒப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினோம். பார்ப்பனிய எதிர்ப்பு, குறியீடு, படிமம் என்றெல்லாம் நானும்தான் பேசினேன். அன்று வீட்டுக்குப் போகும்போது மனசில் எந்தச் சங்கடமும் இல்லை. நம் எதிரியை யாரோ நன்றாகத் திட்டியிருக்கிறார்கள் என்ற திருப்திதான் இருந்தது.

இரண்டாவது தடவை சமீபத்தில், திருவல்லிக்கேணியிலேயே ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில். கொடிக்கயிற்றில் வேட்டியைக் கட்டி, சின்ன புரொஜெக்டரில் போட்டோம். பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து நாயனச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பார்த்தவர்கள் எட்டுப் பேர், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். அவர்கள் சிரித்தார்கள். பேராசிரியரின் வீட்டில் கழுதை நின்றதும் சிரித்தார்கள். கழுதை அற்புதம் செய்கிறது என்று ஊர் நம்ப ஆரம்பித்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, எந்த இடத்தில் என்று குறித்துச் சொல்ல முடியாமல், சிரிப்பு நின்றுபோனது. ஒருவரும் யாரையும் அடக்கவில்லை. தானாக நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் மெல்லிய குரலில், "இவங்க இப்ப உண்மையிலேயே கும்பிடுறாங்க இல்ல?" என்று கேட்டான்.

ஆமாம், உண்மையிலேயேதான் கும்பிடுகிறார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் விவாதித்தும் தொடாத இடத்தை அந்தக் கேள்வி தொட்டது. இந்தப் படத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று அன்றுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

3

அங்கதத்தையும் கறுப்பு நகைச்சுவையையும் நாம் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அங்கதத்தில் சிரிக்கிறவனுக்கு ஒரு திண்ணை உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற முட்டாளைப் பார்த்துச் சிரிக்கலாம். சோவின் 'முகமது பின் துக்ளக்' (1971) இந்த வகை: யார் முட்டாள், யார் புத்திசாலி என்பதில் பார்வையாளனுக்குச் சந்தேகமே வராது. படம் முடிந்ததும் அவன் புத்திசாலிகளோடு சேர்ந்து வெளியே வருவான்.

கறுப்பு நகைச்சுவை முதலில் இந்தத் திண்ணையைத்தான் இடித்துப்போடுகிறது. ஆந்த்ரே ப்ரெத்தோன் 1940-இல் அச்சிட்ட கறுப்பு நகைச்சுவைத் தொகுப்பு ஸ்விஃப்டிலிருந்து தொடங்குகிறது. ஏழைகளின் குழந்தைகளைப் பணக்காரர்களின் உணவாக விற்கலாம் என்று 1729-இல் கணக்குப் போட்டுக் காட்டிய அதே ஸ்விஃப்ட். அந்தக் கட்டுரை படிக்கிறவனைப் பயமுறுத்துவது அதன் யோசனையால் அல்ல, அது நியாயமான ஆளின் குரலில் சொல்லப்படுவதால். அந்தக் குரலை நாம் பட்ஜெட் உரைகளிலும் கேட்டிருக்கிறோம். ஃப்ராய்ட் சொல்லும் தூக்குமேடைக் கைதியும் அப்படித்தான். திங்கட்கிழமை காலை தூக்குக்கு இழுத்துப் போகும்போது, வாரம் நன்றாகத்தான் துவங்குகிறது என்கிறான். சிரிக்கிறோம், சிரித்த வாயோடு கயிற்றையும் பார்க்கிறோம். இரண்டையும் சேர்த்தே செய்ய வைப்பதுதான் இந்த வகையின் வேலை.

இது வெளியூர்ச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். திருவல்லிக்கேணிக்குப் போக டிராமா, நடையா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு ஆளைக் கடவுள் வந்து சந்தித்தார். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வெளிவந்தது 1943-இல். அதில் கடவுள் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு சந்தேகத்துக்கு ஆளாகிறது. அவரது நடனத்துக்கும் சான்ஸ் கிடைப்பதில்லை. மனிதர்களோடு குடித்தனம் நடத்துவது ஆகாத காரியம் என்று கடவுளே கண்டுகொள்கிற கதை அது. கந்தசாமிப் பிள்ளையோ அவரிடமும் தன் பத்திரிகைக்குச் சந்தா வாங்கிவிடுகிறார். சிறுபத்திரிகை நடத்துகிற யாருக்கும் அந்த இடத்தில் சிரிப்பு நெஞ்சில் அடைக்கும். விசித்திரம் ஆகாயத்திலிருந்து வந்தாலும் காசு, காப்பி, வீட்டு வாடகை என்று நம் தெருவின் நியாயங்களுக்குள்தான் அது நடமாட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பிரதிகளில் விசித்திரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்கும். புனுவெல் அப்படித்தான் செய்வார். 'அழிக்கும் தேவதை' (1962) படத்தில் விருந்துக்கு வந்தவர்களால் ஏனோ அறையைவிட்டு வெளியேற முடிவதில்லை. அந்த ஒன்றைத் தவிர மீதி எல்லாமே மேட்டுக்குடியின் வழக்கமான பேச்சு, வழக்கமான அற்பத்தனம். ஜானும் அக்ரஹாரத்துக்குள் ஒரே ஒரு கழுதையைத்தான் விடுகிறார். அது எந்தப் பாவமும் செய்வதில்லை, எந்தச் செய்தியும் சொல்வதில்லை, பேசுவதில்லை. கழுதையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஊர்தான் தன்னைத்தானே அதன் முன்னால் ஒப்புவித்துக்கொள்கிறது.

மத்தியகால ஐரோப்பாவில் கழுதைத் திருவிழா என்று ஒன்று இருந்தது. பிரான்சில் பூவே நகரத்தில் கழுதையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்து, பூசை முடிவில் பாதிரியார் கழுதைபோலக் கத்த, சபையும் பதிலுக்குக் கத்தும். பக்தின் இதைத் திருவிழாச் சிரிப்புக்கு உதாரணமாகக் காட்டுவார். ஒருநாள் தலைகீழாக நின்றுவிட்டு மறுநாள் உலகம் நேராகிவிடும். ஜானின் படத்தில் அந்த மறுநாள் வருவதில்லை. கழுதை கோயிலுக்குள் போவது ஒருநாள் கூத்தாக அல்ல, நிரந்தரத் தெய்வமாக. தலைகீழாவது இங்கே விடுதலையாக இல்லை, இன்னொரு தந்திரமாக இருக்கிறது.

4

என்ன தந்திரம்? கொன்றதைக் கும்பிட்டுவிட்டால் கொலை மறைந்துபோகும்.

படத்தை மீயதார்த்தம் என்று சொல்லும்போது நான் கொஞ்சம் தயங்குகிறேன். இதில் எது யதார்த்தத்தை மீறியது? அடித்துக் கொன்ற ஒன்றுக்குக் கோயில் கட்டுவதா? தமிழ்நாட்டின் தெற்கத்தி ஊர்களில் பாதிச் சாமிகள் அப்படி வந்தவைதாம். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் கழுவேறியவன். முத்துப்பட்டன் பிராமணன். சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் காக்கப் போய்க் கொல்லப்பட்டவன். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் அவன் பட்டவராயனாக நிற்கிறான், செருப்புக் காணிக்கை வாங்குகிறான்.

இந்தக் கதைப்பாடல்களைப் பதிப்பித்த நா. வானமாமலை ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். கதை கைமாறக் கைமாற, பிறப்புகள் திருத்தப்படுகின்றன. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் வந்த வடிவம் சொல்லும். மதுரைவீரன் காசி ராஜாவின் மகனாகிவிடுவான். சாதி மீறியதற்காகக் கொன்றார்கள் என்பது கதையாக நிற்கும்வரை அது குற்றச்சாட்டு. மீறவே இல்லை, இருவரும் உயர்ந்த பிறப்புதான் என்று ஆகிவிட்டால் வெறும் விதி. கோயில் கட்டுவதும் கதையைத் திருத்துவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாக ரொம்ப நாள் பாவனை செய்துவந்தேன். உண்மை அது இல்லை. எங்கள் குடும்பத்துச் சாமி ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம், ஊர்ப்பெயர் வேண்டாம். பனங்காட்டு ஓரத்தில் ஒரு பீடம். வருஷா வருஷம் கொடை. அவள் 'கன்னியாவே நின்னு சாமியாயிட்டா' என்றுதான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். என் பாட்டி சாகிற வருஷம், புத்தி கொஞ்சம் தடுமாறிய நேரத்தில், "கெணத்துல போட்டுட்டுக் கும்பிட்டா ஆச்சா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று நான் கேட்டபோது என் சித்தப்பா, "கெழவிக்குத் தொண தொணன்னு பேச்சு, நீ போய்த் தூங்கு" என்றார். அடுத்த வீதிப் பையன் ஒருவனோடு அவள் போகப் பார்த்தாள் என்பது பிறகு வேறு வாய்களிலிருந்து துண்டு துண்டாகக் கிடைத்தது. கொன்றது வெளியாள் இல்லை. சாமியாடுகிறவரின் தாத்தா வழி ஆட்கள். என் வழியும் அதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நான் அந்த மொட்டைமாடியில் உட்கார்ந்து படம் பார்த்தேன். கழுதைக்குக் கோயில் என்று வந்ததும் பையன்கள் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. வந்துகொண்டே இருக்கும்போது எங்கள் பீடத்துக்குச் சாத்துகிற பட்டுச்சேலை கண்முன் வந்தது. அக்ரஹாரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த திண்ணை அன்று இடிந்தது. பிராமணரல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் படம் ஒரு விசேஷ ஆபத்தை வைத்திருக்கிறது. இது அவர்களுடைய கதை, நம்முடையதல்ல என்று சொல்லிக்கொள்கிற வசதிதான் அந்த ஆபத்து. கழுதையை அடித்த தடி எந்தத் தெருவிலும் கிடைக்கும்.

5

ஆனால் படத்தை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியவில்லை. அன்றைக்கு மாடியில் இருந்தவர்களில் ஒரு பெண், வீதி நாடகம் செய்கிறவர், அருந்ததியர். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு கேட்டார்:

"எல்லாம் சரி தோழர். இந்த ஊர்ல சேரியில இருக்கிற ஆளு யாரு? கழுதையும் ஊமைப் பொண்ணும்தானா? ஒண்ணுக்கு வாயில்ல, இன்னொண்ணு மிருகம். எங்களைப் பத்திப் படம் எடுக்கணும்னா எங்களைப் பேசவிடாமத்தான் எடுக்கணுமா?"

நான், குறியீடு என்று ஆரம்பித்தேன். "குறியீடா இருந்து இருந்து முதுகு வலிக்குது" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். படம் அக்ரஹாரத்தை உள்ளிருந்து பார்க்கிறது. பேராசிரியரின் மனசாட்சிதான் அதன் கண். ஒடுக்கப்பட்டவர் அங்கே பாதிக்கப்படுகிறவராக மட்டுமே இடம் பெறுகிறார், பேசுகிறவராக அல்ல. எழுபதுகளின் நல்லெண்ணப் படங்கள் பலவற்றின் எல்லை இது. பின்னால் வந்த தலித் எழுத்து கேட்ட முதல் கேள்வியும் இதுதான்.

இந்தக் குறையை ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: கடைசித் தீ. நந்தன் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் சிதம்பரத்துக்குள் நுழையத் தீக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. இறங்கி, புலைப்பிறப்பு நீங்கி, பூணூல் போட்ட முனிவராக எழுகிறார். தீட்டு அவரிடம் இருந்ததாகவும் தீ அதைச் சுத்தம் செய்ததாகவும் கதை. கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாகப் பாடி, அது வீடு வீடாகப் போயிற்று. ஜானின் படத்தில் தீ திசை மாறுகிறது. உள்ளே வரக்கூடாதவன் எரியவில்லை, வரக்கூடாது என்று சொன்ன ஊர் எரிகிறது. அதுவும் யாரோ வெளியாள் வைத்த தீ அல்ல. அவர்களே மந்திரம் சொல்லி மூட்டிய தீ. கொலையை மறைக்கச் செய்த சடங்கே கொலைகாரர்களைத் தேடிக்கொண்டு வருகிறது. தமிழ்ப் பண்பாடு ஒரு புலையனிடம் கேட்டதை அந்தப் பண்பாட்டிடமே திருப்பிக் கேட்கிற காட்சி இது. படத்தில் சிரிப்பு முழுசாகத் தீர்ந்துபோகிற இடமும் இதுதான்.

இது தீர்வா என்று கேட்டால், இல்லை. எரிந்த ஊரில் யார் வாழ்வார்கள்? கறுப்பு நகைச்சுவை செயல்திட்டம் எதுவும் கொடுக்காது. அதனால்தான் இயக்கத் தோழர்களில் சிலருக்கு இந்த வகைப் படங்கள்மேல் எரிச்சல். "சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவான்" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் கோபத்தைக் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டும் நாம் வீட்டுக்குத்தானே போகிறோம்? கோபம் நம்மைச் சரியான பக்கத்தில் நிற்கவைத்து அனுப்புகிறது. கறுப்புச் சிரிப்பு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியாமல் அனுப்புகிறது. இரண்டாவது ஆள்தான் வீட்டுக்குப் போய்த் தன் வீட்டையே உற்றுப் பார்ப்பான். அந்த ஒரு வேலைக்காகவே இது நமக்கு வேண்டியிருக்கிறது.

6

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

"என்னடே, கொடைக்கு வரி இன்னும் வரலையே. தலைக்கட்டுக்கு ரெண்டாயிரம். நீ ஒருத்தன்தான் பாக்கி."

"அனுப்புறேன் சித்தப்பா. ஒரு விஷயம். வில்லுப்பாட்டு வைக்கிறீங்கல்லா? அதுல அவ எப்படிச் செத்தான்னும் பாடச் சொல்லுங்களேன். உள்ளதை உள்ளபடி."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "மெட்ராசுல ஒனக்கு வேற சோலி இல்லையாடே" என்றார். வைத்துவிட்டார்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பாமல் இருப்பது பெரிய புரட்சி என்று நான் நினைக்கவில்லை. அனுப்பினால் பட்டுச்சேலைக்கு என் பங்கு. அனுப்பாவிட்டால் அவளை மறந்துபோனவர்களில் நானும் ஒருத்தன். இரண்டும் சரியில்லை என்று தெரிகிறது.

கீழே அண்ணாச்சி கடை திறந்துவிட்டார். ஊதுபத்தி வாசனை மாடிவரை வருகிறது. லட்சுமிக்கு ஒரு சுற்று, பிள்ளையாருக்கு ஒரு சுற்று, கழுதைக்கு ஒரு சுற்று. விளக்குமாறு அதே மூலையில்தான் சாத்தியிருக்கிறது.